பர்சேஸ் சார் இருக்காரா?

அழைக்காமல் வருகிற வியாபாரிக்கு அந்தக் காலத்தில் ஒரு முகம் இருந்தது. நெற்றியில் வியர்வை இருந்தது, கக்கத்தில் இடுக்கிய ரெக்சின் பை இருந்தது, எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் நடந்து வந்தாக வேண்டிய தூரம் இருந்தது. 1980-களின் நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில், எல்லோர் பேச்சிலும் வழங்கியபடி சொன்னால் ‘பர்சேஸில்’, நான் வேலைக்குச் சேர்ந்தபோது, பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெருவிலும் அதைச் சுற்றிய சந்துகளிலும் கடை வைத்திருந்த முதலாளிகள் தங்கள் ரெப்புகளைக் காலையிலேயே எங்கள் பக்கம் அனுப்பிவிடுவார்கள். அவர்கள் மின்சார ரயிலில் பட்டரவாக்கம் வந்து இறங்கி, புழுதியில் நடந்து, ஒவ்வொரு கம்பெனி வாசலாக ஏறி இறங்கி, எங்கள் கேட்டுக்கு வந்து சேரும்போது சூரியன் உச்சியைத் தாண்டியிருக்கும். வாட்ச்மேன் நீட்டுகிற நோட்டில் பெயர், கம்பெனி, பார்க்க வந்தவர், வந்த காரணம் என்று நான்கு கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் அத்தனை பேரும் ‘அஃபீஷியல்’ என்றே எழுதினார்கள். எழுதிவிட்டு நிமிர்ந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “பர்சேஸ் சார் இருக்காரா?”

மேஜையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாலும் சரி, அந்தப் பக்கம் பையோடு நின்றிருந்தாலும் சரி, அந்தத் தலைமுறையில் வேலை பார்த்த யாருக்கும் அந்தக் கேள்வி காதில் இருக்கும்.

தொலைபேசி இல்லாமல் இல்லை. ஆனால் விற்பதற்காக அதைத் தொடுகிறவர்கள் மிகக் குறைவு. ஒரு இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நாடு இது. ஆபரேட்டர் உதவியில்லாமல் வெளியூருக்கு நேராக அழைக்கும் எஸ்.டி.டி. வசதி 1960-இலேயே லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையில் தொடங்கிவிட்டது என்றாலும், எங்கள் கம்பெனியில் அந்த வசதி கொண்ட ஒரே கருவி மேனேஜர் அறையில், டயலில் சின்னப் பூட்டுத் தொங்க, தனியாக உட்கார்ந்திருந்தது. மற்ற எங்களுக்கெல்லாம் டெலிபோன் போர்டு வழியாகத்தான் வாழ்க்கை. போர்டில் இருந்த ஆபரேட்டர் அம்மா ஒரு ‘ஹலோ’வை வைத்தே அழைப்பவர் பொருள் விற்க வந்தவரா, பொருள் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு அலைகிறவரா என்று பிரித்துவிடுவார். விற்க வந்தவரிடம், “சார் ஃப்ளோர்ல இருக்காருங்க, நீங்க செவ்வாய்க்கிழமை நேர்ல வந்துடுங்க” என்பார். பணம் கேட்கிறவரை ஒருபோதும் அப்படி அனுப்ப மாட்டார். “அவர் பிழைப்பு சார் அது, நீங்களே பதில் சொல்லுங்க” என்று லைனை நேராக அக்கவுண்ட்ஸ் மேஜைக்குத் தள்ளிவிடுவார். எந்த அழைப்பு மனிதரைச் சேர வேண்டும், எது காத்திருக்கலாம் என்பதை ஒரு மனிதர் உட்கார்ந்து தீர்மானித்த காலம் அது. இன்று அந்த வேலையைச் செய்யும் எந்தச் செயலிக்கும் அந்த அம்மாவுக்கு இருந்த நியாய உணர்ச்சி இல்லை.

செவ்வாயும் வெள்ளியும் பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை சப்ளையர்களைப் பார்ப்போம் என்று கேட்டில் ஒரு தகரப் பலகை இருந்தது. அந்த இரண்டு மணி நேரமும் வரவேற்பறை பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். பேரிங் விற்பவர், வெல்டிங் ராடு விற்பவர், கட்டிங் ஆயில் விற்பவர், பருத்திக் கழிவு விற்பவர், ஸ்டேஷனரிக்காரர். போட்டிக் கம்பெனிகளின் ஆட்கள் இருவர் அடுத்தடுத்து உட்கார்ந்து ஒரே தினத்தந்தியைத் தாள் பிரித்துப் படிப்பார்கள். ஒருவர் உள்ளே போகும்போது தன் பையை மற்றவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவார். படித்து முடித்த கையோடு, இருபத்து சொச்சம் வயதில், அப்பா வயதுள்ளவர்கள் ‘சார்’ என்று எழுந்து நிற்கும் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு, ஒவ்வொரு விசிட்டிங் கார்டும் ஒரு பட்டம் மாதிரி இருந்தது. புது மை வாசனையோடு வந்த அந்த அட்டைகளைச் சரக்கு வாரியாகப் பிரித்து ரப்பர் பேண்ட் போட்டு வைப்பேன். மாலையில் வேலை முடிந்ததும் எடுத்து ஒருமுறை புரட்டிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனதில்லை. அந்த இளைஞனை இப்போது நினைத்தால் எனக்குப் பிரியம்தான் வருகிறது. ஊரெல்லாம் தன்னைத் தேடி வருவதாக அவன் நம்பினான். உண்மையில் அவன் படிப்பை முடித்துவைக்க ஊரே வந்துகொண்டிருந்தது.

அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். பர்சேஸில் எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதியை நான் கூப்பிடாமல் வந்தவர்கள்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

வி-பெல்ட் விற்கும் ரெப் ஒருவர் வருவார். ஐம்பதைத் தாண்டியவர், காதில் பென்சில் செருகியிருப்பார். முதல் தடவை வந்தபோது அவரிடமிருந்து நாங்கள் எதுவுமே வாங்குவதில்லை. வேறொரு கடையில் வாடிக்கை. அவர் விலைப்பட்டியலை எடுக்கவில்லை. “மாசம் எத்தனை பெல்ட் போவுது சார்?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். “அவ்ளோ போகக் கூடாதே” என்றவர், எந்த மிஷின் என்று விசாரித்து, ஃபோர்மேனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு என்னையும் ஷாப் ஃப்ளோருக்கு அழைத்துப் போனார். மதிய ஷிஃப்ட் மாறுகிற இடைவெளியில் மோட்டாரை நிறுத்தச் சொல்லி, பையிலிருந்து ஒரு நூல் கண்டை எடுத்து, மோட்டார் புல்லியின் முகத்தையும் கம்ப்ரஸர் புல்லியின் முகத்தையும் தொட்டபடி நூலை இழுத்துப் பிடித்தார். நூல் ஒரு புல்லியின் இரண்டு ஓரங்களையும் தொட்டது. மற்றதில் ஒரு ஓரத்தை மட்டும் தொட்டு இன்னொரு ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி விட்டது. “பெல்ட் மேல தப்பில்ல சார். ரெண்டு புல்லியும் ஒரே கோட்டுல இல்ல. பக்கவாட்டுல தேய்ச்சுத் தின்னுது” என்றார். இன்னொன்றும் சொன்னார்: நான்கு பெல்ட் ஓடுகிற இடத்தில் அறுந்துபோன ஒன்றை மட்டும் மாற்றினால், நீண்டுபோன பழைய மூன்றும் சும்மா ஓட, புதியது ஒன்றே மொத்தப் பாரத்தையும் இழுத்துச் சீக்கிரம் போய்விடும், மாற்றினால் செட்டாக மாற்ற வேண்டும்.

மோட்டாரின் அடிப் போல்ட்டைத் தளர்த்தி நேர்செய்தார்கள். பெல்ட் செலவு கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. யோசித்துப் பாருங்கள், பெல்ட் விற்க வந்தவர் பெல்ட் விற்பனையைக் குறைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பெல்ட் மட்டுமல்ல, புல்லி, கப்ளிங், செயின் என்று எங்கள் கம்பெனியின் பாதிச் சாமான் அவர் கடையிலிருந்து வந்தது. என் மேலதிகாரி அவரைக் கேள்வியில்லாமல் உள்ளே விடச் சொல்லி வாட்ச்மேனிடமே உத்தரவு போட்டார். அந்த நூல் கண்டு எந்தக் காட்டலாக்கிலும் இல்லை. எந்த அழைப்பு வழியாகவும் அதை இழுத்துப் பிடித்துக் காட்ட முடியாது.

பேரிங் ரெப் சொல்லித் தந்தது போலிச் சரக்கைப் பற்றி. வளையத்தின் மீதுள்ள எழுத்தை நகத்தால் வருடிப் பார்ப்பார், பெட்டி அட்டையின் அச்சு மங்கலாக இருந்தால் முகம் சுளிப்பார், காதோரம் வைத்துச் சுழற்றிக் கேட்பார். 1986-இல் மாட்வாட் வந்தபோது, வாங்குகிற பொருளில் கட்டிய உற்பத்தி வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பதை அக்கவுண்ட்ஸ்காரர்கள் புரிந்துகொள்வதற்கு முன்பே, எந்த ஆவணம் கையில் இருக்க வேண்டும், எது இல்லாவிட்டால் கழிவு போய்விடும் என்று எனக்கு விளக்கியவர் ஒரு பெயிண்ட் ரெப். பேட்டையில் எந்தக் கம்பெனியில் ஸ்டிரைக், எங்கே புது ஷெட் எழும்புகிறது, எங்கே ஐ.டி.ஐ. முடித்த பையன் தேவைப்படுகிறான், எல்லாம் இந்தப் பெஞ்சுக்கு வந்து சேரும். எங்கள் ஸ்டோர்ஸ் கீப்பரின் தம்பிக்கு வேலை கிடைத்தது அப்படித்தான். என்னைவிட மூத்த ஒருவருக்குப் பெண் கிடைத்ததும் அப்படித்தான்.

டிசம்பர் வந்தால் பெஞ்சில் இடம் இருக்காது. சிவகாசியில் அச்சான காலண்டர்கள் சுருட்டிச் சுருட்டி மூலையில் சாய்ந்திருக்கும். முருகன் படம் யாருக்கு, லட்சுமி படம் யாருக்கு என்று ஆபீஸில் ஒரு பட்டியலே ஓடும். ஒரு நாளுக்கு ஒரு பக்கம் கொண்ட தடித்த டைரிக்கு மேனேஜரிலிருந்து பியூன் வரை ஆசைப்படுவார்கள். அந்த டைரியில் யாரும் பிப்ரவரிக்கு மேல் எழுதியதாக எனக்கு நினைவில்லை. வீட்டில் மனைவிமார்கள் பால் கணக்கு எழுதினார்கள், பிள்ளைகள் படம் வரைந்தார்கள். ஆயுத பூஜையன்று அழையாமல் வந்தவர்களுக்கும் பொரி, கடலை, வெல்லம் பொட்டலம் கட்டித் தருவோம். அன்று மட்டும் யாரும் கொட்டேஷனைப் பற்றிப் பேசுவதில்லை.

பின்பு தொலைபேசி மலிந்தது. தெருவுக்குத் தெரு மஞ்சள் எழுத்துப் போட்ட எஸ்.டி.டி. கூண்டுகள் வந்தன, ஆபீஸில் மேஜைக்கு ஒரு கருவி வந்தது, போர்டைத் தொடாமல் வெளியிலிருந்தே நேராக நம் மேஜைக்கு அடிக்கும் வசதியும் வந்தது. ஆபரேட்டர் அம்மா ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தோம். கோடியிலுள்ள மேஜையில் மணி அடிக்கும், அங்கே ‘வேண்டாம்’ என்று வைத்ததும் அடுத்த மேஜையில் அடிக்கும், பிறகு அதற்கடுத்தது. நெல் வயலில் காற்று நகர்வது போல அந்த மணி ஹாலின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நகரும். யாரோ ஒரு பெண் பிள்ளை எண்களை வரிசையாகப் போட்டுக்கொண்டே வருகிறாள்: கிரெடிட் கார்டு வேண்டுமா, பர்சனல் லோன் வேண்டுமா. தன் முறை வருவதற்குள் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

1995-இல் செல்போன் வந்தபோது ஒரு நிமிடப் பேச்சுக்கு 16 ரூபாய்க்கும் மேல் ஆனது. வருகிற அழைப்புக்கும் நாம்தான் காசு கொடுத்தோம். அந்த விலை இருந்தவரை விற்பனை அழைப்பு செல்போனைப் பெரும்பாலும் தொடவில்லை. 2003-இல் வருகிற அழைப்பு இலவசமானது. அன்று நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம், மகிழ்ந்தது நியாயமும்கூட. பெட்டிக்கடைக்காரரும் பிளம்பரும் செல்போன் வாங்கியது அதற்குப் பிறகுதான். ஆனால் கேட்டும் நோட்டும் பெஞ்சும் இல்லாமல் எவரும் நேராக நம் சட்டைப் பைக்குள் வந்து நிற்கலாம் என்பதும் அந்த நாளில்தான் தொடங்கியது.

அழைக்க வேண்டாம் என்று பதிவு செய்துகொள்ளும் தேசியப் பதிவேட்டை 2007-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்தது. அழைப்புகள் நிற்கவில்லை. 2010-இல் அப்போதைய நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி எதிர்க்கட்சித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் வீட்டுக்கடன் தருவதாக ஒரு அழைப்பு வந்து, அது பெரிய செய்தியானது. நாட்டுக்கே கடன் வாங்கித் தருகிறவருக்குக் கடன் தர முன்வந்த அந்தக் குரல் யாருடையதோ. அந்த ஆண்டு டிசம்பரில் புதிய விதிமுறைகள் வெளியாகி, 2011 செப்டம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தன: பதிவு செய்த நிறுவனங்கள்தான் அழைக்கலாம், அதுவும் 140-இல் தொடங்கும் எண்ணிலிருந்து, இரவு 9 மணிக்குப் பிறகு காலை 9 மணிவரை கூடாது. விதி நல்ல விதிதான். ஆனால் 140 என்று பார்த்ததும் யாரும் எடுக்காமல் விட்டதால், பதிவே செய்யாதவர்கள் சாதாரண பத்து இலக்க எண்களுக்குள் புகுந்துகொண்டார்கள். அவர்களுடைய இணைப்புகளைத் துண்டிக்கும்படி 2024 ஆகஸ்டில் டிராய் உத்தரவிட வேண்டியிருந்தது.

ஓய்வு பெற்ற பிறகும் திருமுடிவாக்கத்தில் ஒரு நண்பரின் சிறு பட்டறைக்குக் கொள்முதல் பார்த்துக் கொடுக்கிறேன். சென்ற மழைக்காலத்தில் ஒரு சின்ன கியர் பாக்ஸ் வேண்டுமென்று ஒரு வணிகத் தளத்தில் கேட்டு வைத்தேன். டீ ஆறுவதற்குள் அழைப்புகள் தொடங்கின. ராஜ்கோட்டிலிருந்து ஒருவர், கோவையிலிருந்து ஒருவர், எந்த ஊர் என்று சொல்லாதவர் பலர். நம் ஒரே கேள்வியைப் பல பேருக்கு விற்றிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்த கியர் பாக்ஸ் எதை ஓட்டப்போகிறது என்று கேட்கவில்லை. ரேஷியோ, அளவு, விலை, அதோடு முடிந்தது. வாங்கியாகிவிட்டது என்று சொன்ன பிறகும் இரண்டு வாரம் வந்துகொண்டிருந்தார்கள்.

எடுத்ததும் மறுமுனையில் ஓரிரு நொடி மௌனம் இருக்குமே, கவனித்திருப்பீர்கள். அதன் காரணத்தை, கால் சென்டரில் வேலை பார்த்த என் அண்ணன் மகள் சொன்னாள். எண்களைப் போடுவது அவர்களல்ல, இயந்திரம். உட்கார்ந்திருக்கும் ஆட்களைவிட அதிகமான எண்களை ஒரே நேரத்தில் அடித்து, யார் எடுக்கிறார்களோ அவர்களை, எந்தப் பெண் காலியாக இருக்கிறாளோ அவளோடு இணைக்கிறது. நாம் ‘ஹலோ, ஹலோ’ என்று கத்தும் நேரத்தில் இயந்திரம் ஆள் தேடிக்கொண்டிருக்கிறது. ஒருவர் திட்டிவிட்டு வைத்தால் அழுவதற்குக்கூட நேரமில்லை, அடுத்தவர் காதில் வந்துவிடுவார். “மூஞ்சி தெரியாததால்தான் சித்தப்பா அவ்ளோ அசிங்கமா பேசுறாங்க. நேர்ல நின்னா பேச மாட்டாங்க” என்றாள். உண்மை. என் மேஜைக்கு வந்த எந்த ரெப்பையும் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எரிச்சல் எல்லோருக்கும் இருந்தது. எதிரில் ஒரு மனிதர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது அது வார்த்தையாக மாறுவதற்குள் அடங்கிவிடும். இப்போது அந்தப் பெண் பிள்ளைகள் இருந்த நாற்காலியும் போய்க்கொண்டிருக்கிறது. பதிவு செய்த குரல் பேசுகிறது. போதாதென்று, நாம் இடைமறித்தால் நிறுத்தி, “சொல்லுங்க சார்” என்று கேட்கும் இயந்திரக் குரலும் வந்துவிட்டது.

நடந்ததில் நல்லது எதுவுமில்லை என்று சொன்னால் அது பொய். பட்டரவாக்கத்து வெயிலில் யாரும் நடந்து சாக வேண்டாம். அந்தப் பெஞ்சில் நான் ஒரு பெண்ணைக்கூடப் பார்த்ததில்லை. இன்று எனக்கு ஃபாஸ்ட்னர் அனுப்புகிறவர் கோவையில் வீட்டிலிருந்தபடி வியாபாரம் செய்யும் ஒரு பெண்மணி, சரக்கை வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பிவிடுகிறார். பேரிங் பெட்டியிலுள்ள குறியீட்டைப் போனில் படம் பிடித்தால் அசலா போலியா என்று தெரிகிறது. லிங்கிச் செட்டித் தெருவின் நாலு கடை சொன்னதுதான் விலை என்றிருந்த நிலையும் உடைந்துவிட்டது. இதையெல்லாம் விட்டுவிட்டுப் பழைய காலத்துக்குத் திரும்ப எனக்கு ஆசையில்லை.

ஆனால் கதவை முழுக்கத் திறந்து போட்டதன் பலன், எல்லோரும் உள்ளிருந்து பூட்டிக்கொண்டார்கள் என்பதுதான். தெரியாத எண் என்றால் எடுப்பதில்லை. அழைப்பவர் யாரென்று சொல்லும் செயலி சிவப்பு காட்டினால் எடுப்பதில்லை. அதில் கூரியர் பையன் திரும்பிப் போகிறான். ஆஸ்பத்திரியிலிருந்து ரிப்போர்ட் தயார் என்று சொல்ல வந்தவர் விட்டுவிடுகிறார். எங்கோ ஒரு சிறு பட்டறையில் நல்ல சாமான் செய்துவிட்டு, முதல் வாடிக்கைக்காரரைத் தேடி, கூச்சத்தோடு நம் எண்ணைப் போட்டவரும் அந்தச் சிவப்புக்குள் விழுந்துவிடுகிறார். நூல் கண்டோடு ஒருவர் இன்றும் இருக்கலாம். அவர் நம்மை வந்தடைய நாம் வழி வைக்கவில்லை.

வழி வைப்பது கடினமில்லை. பதிவு செய்த குரலோடும் இயந்திரத்தோடும் பேசவே வேண்டாம். எண்ணையும் தேதியையும் குறித்து 1909-க்குப் புகார் கொடுங்கள், 2025-இல் வந்த திருத்தத்தின்படி அதற்கு 7 நாள் அவகாசம் இருக்கிறது. மறுமுனையில் பேசுவது மனிதர் என்றால், “வேண்டாம்மா, நன்றி” என்று முழுசாகச் சொல்லிவிட்டு வையுங்கள். நீங்கள் ஒரு கம்பெனியில் பர்சேஸ் மேஜையில் உட்கார்ந்திருப்பவர் என்றால் இன்னும் ஒன்று: வாரத்தில் ஒரு பிற்பகலை, இதுவரை உங்களோடு வியாபாரம் செய்யாதவர்களுக்கென்று ஒதுக்கி, அந்த நேரத்தைக் கேட்டில் எழுதி மாட்டுங்கள்.